புசா ரோட்டுக் காற்றும் சிறுநீர்ப்பைக் காற்றும்

1990களில் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா மருத்துவர்கள் விசித்திரமான காரியம் ஒன்று செய்தார்கள். நோயாளியின் சிறுநீர்ப்பையை ட்யூப் வழியாகக் காலி செய்துவிட்டு, அதற்குள் கொஞ்சம் காற்றைச் செலுத்தினார்கள். சில நிமிடம் விட்டு அதே காற்றை உறிஞ்சி எடுத்து ஒரு கருவிக்கு அனுப்பினார்கள். அதில் நைட்ரிக் ஆக்சைடு எவ்வளவு இருக்கிறது என்று கருவி சொன்னது. தில்லியில் புசா என்ற பெயரில் இயங்கும் காற்றுத்தரக் கண்காணிப்பு நிலையங்களும் இதே வாயுவை இதே தத்துவத்தில்தான் அளக்கின்றன. மாதிரிக் காற்றோடு ஓசோனைக் கலந்தால் நைட்ரிக் ஆக்சைடு அதனுடன் வினைபுரிந்து மங்கலாக ஒளிரும். அந்த ஒளியை அளந்தால் வாயுவின் அளவு தெரிந்துவிடும்.

மூலக்கூறும் ஒன்று, அளவுகோலும் ஒன்று. கரோல் பாக்கிலிருந்து ராஜேந்திரா பிளேஸ் வழியாகப் படேல் நகர்ப் பக்கம் போகிற புசா ரோட்டில் வண்டிகள் அதைக் கக்குகின்றன. நம் அடிவயிற்றில் அரை லிட்டர் கொள்ளும் பையின் சுவரிலும் வாயிலும் அது சுரக்கிறது. முதலாவதை மாசு என்கிறோம். இரண்டாவதை உடலியங்கியலார் தூது என்கிறார்கள். இந்த வாயு நல்லதா, கெட்டதா என்று மருந்துக்கடையிலும் ஜிம்மிலும் இப்போது அடிக்கடி கேட்கிறார்கள். இரண்டு இடங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அது எவ்வளவு வெற்றுக் கேள்வி என்று புரியும். என் கட்சி இதுதான்: வேற்றுமை வாயுவில் இல்லை. அதைத் தொடங்கவும் நிறுத்தவும் அந்த இடத்தில் ஏற்பாடு இருக்கிறதா என்பதில்தான் இருக்கிறது.

சாலையை முதலில் பார்த்துவிடலாம். அது சுலபமான பாதி. புசா ரோட்டின் மேலே 2005 டிசம்பர் 31 முதல் நீல வழித்தட மெட்ரோ ஓடுகிறது. கீழே பஸ், ஆட்டோ, கார், சரக்கு வண்டி. சாலையோரத்தில் 1959-ல் தொடங்கிய பெரிய மருத்துவமனை ஒன்று இருக்கிறது. மேற்கே போனால் சாலைக்குப் பெயர் தந்த வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் வயல்கள். பீகாரில் புசா என்ற ஊரில் 1905-ல் தோன்றிய அந்த நிறுவனம், 1934 பூகம்பத்தில் இடிந்துபோய், 1936-ல் தில்லிக்கு வந்தது. நோயாளியும் பயிரும் வண்டியும் ஒரே சாலையில் அமைந்துவிட்டதால் நைட்ரஜனின் கதையில் பெரும்பகுதியை அங்கே சில கிலோமீட்டருக்குள் சொல்லி முடித்துவிடலாம்.

வண்டியின் எஞ்சினுக்கு நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்கும் நோக்கம் எதுவும் கிடையாது. பெட்ரோலோ டீசலோ கேஸோ எரிவதற்கு ஆக்சிஜன் வேண்டும். ஆக்சிஜனுக்காகக் காற்றை உள்ளிழுத்தால் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜனும் கூடவே வந்துவிடுகிறது. சாதாரண வெப்பத்தில் நைட்ரஜன் யாரோடும் சேராது. அதன் இரு அணுக்களுக்கு இடையிலான பிணைப்பு அவ்வளவு வலுவானது. எரியறையில் வெப்பம் 1500 பாகையைத் தாண்டும்போது அது உடைந்து ஆக்சிஜனோடு சேர்கிறது. இதன் வழிமுறையை விளக்கியவர் ரஷ்ய விஞ்ஞானி யாக்கோவ் ஸெல்தோவிச். எரிபொருள் எவ்வளவு சுத்தமானதாக இருந்தாலும் சூடு இருக்கும்வரை இந்த வாயு வரும் என்பது இதிலிருந்து தெரிகிறது. தில்லி பஸ்களை 2002 வாக்கில் சிஎன்ஜிக்கு மாற்றியதால் கரி குறைந்தது. நைட்ரிக் ஆக்சைடுப் பிரச்சினை அந்த அளவுக்குத் தீரவில்லை.

உடலிலோ வெப்பம் 37 பாகைதான். அங்கே நைட்ரஜன் காற்றிலிருந்து வருவதில்லை. பருப்பிலும் வேர்க்கடலையிலும் கிடைக்கிற ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலத்தை ஒரு நொதி ஆக்சிஜனோடு சேர்த்து, நைட்ரிக் ஆக்சைடும் சிட்ருலினுமாகப் பிரிக்கிறது. நொதியில் மூன்று வகை. நரம்பில் ஒன்று, ரத்தக்குழாயின் உட்சுவரில் ஒன்று. இவை இரண்டும் செல்லுக்குள் கால்சியம் ஏறும்போது மட்டும் வேலை செய்யும், இறங்கியதும் நின்றுவிடும். மூன்றாவது வகை அழற்சியின்போது மட்டும் உருவாகும். கால்சியம் ஏறி இறங்குவதை அது பொருட்படுத்தாது; ஒருமுறை உருவாகிவிட்டால் மணிக்கணக்கில், சில சமயம் நாட்கணக்கில் சுரந்துகொண்டே இருக்கும். இந்த மூன்றாவதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆயுளிலும் இரண்டுக்கும் தூரம் அதிகம். உடல் திசுவில் நைட்ரிக் ஆக்சைடு சில விநாடிகளே தாங்கும்; ரத்தத்தில் கலந்தால் ஹீமோகுளோபின் அதை இமைப்பொழுதில் பிடித்து நைட்ரேட்டாக்கிவிடும். சாலையில் அதைத் தீர்ப்பது ஓசோன். வெயிற்காலத்தில் ஓசோன் தாராளமாக இருப்பதால் சில நிமிடத்தில் நைட்ரஜன் டை ஆக்சைடாக மாறிவிடும். தில்லியின் டிசம்பர் இரவில் ஓசோனும் கிடையாது, காற்று மேலெழுந்து கலைவதும் கிடையாது. வாயு அப்படியே தேங்கி நிற்கும். பிறகு மாறினாலும் சமர்த்தாகிவிடுவதில்லை; நைட்ரஜன் டை ஆக்சைடு மூச்சுக்குழாயை எரிக்கும், வெயில் பட்டால் ஓசோனை உண்டாக்கும், அம்மோனியாவோடு சேர்ந்து நுண்துகளாகவும் ஆகும். நம் தேசியக் காற்றுத்தர வரம்பு 2009-ல் நைட்ரஜன் டை ஆக்சைடுக்குக் கன மீட்டருக்கு 24 மணி நேரச் சராசரி 80 மைக்ரோகிராம் என்று வகுத்தது. நைட்ரிக் ஆக்சைடுக்குத் தனி வரம்பே இல்லை. தாயை விட்டுவிட்டுப் பிள்ளையைக் கண்காணிக்கிறோம். உபத்திரவம் பிள்ளையால்தான் என்பதால் அதில் நியாயமும் உண்டு.

இந்த வாயு விஞ்ஞானத்துக்குள் நுழைந்ததே காற்றின் தரத்தைச் சோதிக்கிற பொருளாகத்தான். ஜோசப் பிரீஸ்ட்லி 1772-ல் இதைத் தனித்தெடுத்தார். தண்ணீருக்கு மேல் அடைத்த காற்றில் இதைக் கலந்தால் கன அளவு சுருங்கும். எவ்வளவு சுருங்குகிறதோ அந்தக் காற்று சுவாசத்துக்கு அவ்வளவு உகந்தது என்று கணக்கிட்டார். அன்று காற்றின் தூய்மைக்குச் சாட்சி சொன்ன வாயு இன்று குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது.

இனி சிறுநீர்ப்பை. இங்கே நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

சிறுநீர்ப்பைக்கு இரண்டே வேலை: சேர்ப்பது, விடுவது. ஆனால் இரண்டும் நேர்மாறானவை. சேர்க்கும்போது பை என்கிற ஏரி தளர்ந்து விரிய வேண்டும், வாய் என்கிற மதகு இறுகி நிற்க வேண்டும். விடும்போது ஏரி சுருங்க வேண்டும், மதகு திறக்க வேண்டும். ஒரு நாளில் பெரும்பொழுதும் முதல் நிலைதான். பை நிரம்ப நிரம்ப உள்ளே அழுத்தம் அதிகம் ஏறாதபடி சுவர்த்தசை இடம் கொடுத்துக்கொண்டே போகும். முதுகுத்தண்டின் கீழ்மார்பு, இடுப்புப் பகுதிகளிலிருந்து வரும் நரம்புகள் நார் அட்ரினலினைச் சுரந்து பையின் கழுத்தை இறுக்கி வைத்திருக்கும். போக வேண்டிய நேரம் வந்து மூளை அனுமதி கொடுத்ததும் ஆட்சி மாறுகிறது. தண்டின் அடிப்பகுதியிலிருந்து வருகிற வேறு நரம்புகள் அசெட்டைல்கோலினைச் சுரக்க, பைத்தசை சுருங்குகிறது. தசை சுருங்கினால் மட்டும் போதாது. அதற்கு ஒரு கணம் முன்பே வாய் திறந்திருக்க வேண்டும். அந்தத் திறப்பு வேலையில் பெரும்பங்கு நைட்ரிக் ஆக்சைடினுடையது.

பையின் கழுத்திலும் சிறுநீர் வெளிக்குழாயிலும் உள்ள நரம்பு நுனிகளில் முதல் வகை நொதி நிறைய இருக்கிறது. சேதி வந்ததும் வாயு உருவாகிப் பக்கத்துத் தசைச்செல்லுக்குள் ஊடுருவுகிறது. வாயு என்பதால் அதற்குச் சவ்வும் தடையில்லை, ஏற்பியும் தேவையில்லை. உள்ளே போய் ஒரு நொதியைத் தட்டியெழுப்ப, அந்த நொதி சைக்ளிக் ஜிஎம்பி என்ற பொருளைத் தயாரிக்க, செல்லுக்குள் கால்சியம் குறைந்து தசை தளர்கிறது. பிடிஇ5 என்ற இன்னொரு நொதி சைக்ளிக் ஜிஎம்பியைச் சிதைத்ததும் தசை மறுபடி இறுகுகிறது. தொடங்க ஒரு நொதி, நிறுத்த ஒரு நொதி. புசா ரோட்டில் இந்த இரண்டாவது நொதிக்குச் சமமான ஏற்பாடு நெடுங்காலம் இல்லை.

இதையெல்லாம் 1990களின் தொடக்கத்தில் ஆடு, பன்றி, முயல் ஆகியவற்றின் வெளிக்குழாய்த் துண்டுகளை நரம்புத் தூண்டலால் சோதித்துக் கண்டுபிடித்தார்கள். ஸ்வீடனின் லுண்ட் நகரில் கார்ல்-எரிக் ஆண்டர்ஸன் குழுவின் வேலை இதில் பெரிது. ஆர்ஜினைனை வாயுவாக மாற்றும் நொதியை மருந்தால் முடக்கினால் துண்டு தளர மறுத்தது. 1997-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஆர்தர் பர்னெட்டும் உடன் உழைத்தவர்களும் நரம்பு வகை நொதியே இல்லாத சுண்டெலிகளைப் பார்த்தார்கள். பைகள் தடித்துப் பெருத்திருந்தன. வாய் சரியாகத் திறக்கவில்லை. எலிகள் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுநீர் கழித்தன. புராஸ்டேட் பெருத்த ஒரு முதியவரின் பையை நினைவூட்டுகிற படம், புராஸ்டேட் பெருக்காமலே.

இந்தத் தசைத் தளர்வு வெளிக்குழாயோடும் கழுத்தோடும் நின்றுவிடுகிறது என்பது ஆச்சரியம். அதே வாயுவைப் பையின் சுவர்த்தசைத் துண்டில் விட்டுப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. அந்தத் தசை சுருங்குவதற்கு அசெட்டைல்கோலினைக் கேட்கிறது, தளர்வதற்கு வேறு வழிகளை வைத்திருக்கிறது. நைட்ரிக் ஆக்சைடு சொல்வது அதன் காதில் ஏறுவதில்லை. ஏறியிருந்தால் சங்கடம்தான். வாயைத் திறக்கும் சேதியே பையையும் தளர்த்திவிட்டால் சிறுநீரை யார் தள்ளுவது? சில அங்குல இடைவெளியில் ஒரே உறுப்பின் இரு பகுதிகள் ஒரே வாயுவுக்கு இப்படி வெவ்வேறு பதில் தருகின்றன.

தில்லிக் குளிரில் மூத்தவர்கள் படும் அவஸ்தைக்கு இந்தக் கணக்கில் ஒரு விளக்கம் உண்டு. குளிரில் நார் அட்ரினலின் ஆட்சி வலுக்கிறது, கழுத்து இறுகுகிறது. வியர்வை குறைந்து சிறுநீரும் கூடுகிறது. சாலையில் வாயு தேங்குகிற அதே மாதங்களில் உள்ளே சிறுநீர் தேங்குகிறது. போதாக்குறைக்கு ஜலதோஷ மாத்திரை. மூக்கடைப்பைத் திறக்க அதில் சேர்க்கும் ஃபினைல்எஃப்ரின், நார் அட்ரினலினைப் போலவே கழுத்தையும் இறுக்கிவிடும். புராஸ்டேட் தொல்லை உள்ள ஒருவர் ராத்திரி அதை விழுங்கிவிட்டுக் காலையில் சொட்டு நீர் போகாமல் அவசர சிகிச்சைப் பிரிவில் வந்து நிற்பது மருத்துவர்களுக்குப் பழகிய காட்சி.

இதற்கான மருந்துகளிலும் இரண்டு ஆட்சிகளின் சாயல் தெரிகிறது. டாம்சுலோசின், நார் அட்ரினலினின் ஏற்பியை அடைத்து இறுக்கத்தைக் குறைக்கிறது. டடாலஃபில், பிடிஇ5 நொதியை முடக்கி நைட்ரிக் ஆக்சைடின் சேதியை நீட்டுகிறது. ஆண்மைக் குறைவுக்கென்று பெயர் வாங்கிய இந்த மாத்திரைக்கு, தினம் 5 மில்லிகிராம் அளவில் புராஸ்டேட் தொல்லைக்கும் 2011-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கோட்பாட்டின்படி இது வாயைத் திறந்து சிறுநீரின் வேகத்தைக் கூட்ட வேண்டும். ஆனால் சோதனைகளில் நோயாளிகளின் தொந்தரவு குறைந்த அளவுக்கு வேகம் கூடவில்லை. ஆக, அது செய்கிற நன்மை வாய்த்தசையில் மட்டும் நடக்கவில்லை. அடிவயிற்று ரத்த ஓட்டமும் உணர்வு நரம்புகளும் அதில் பங்கு பெற்றிருக்கலாம். ஆட்டுத் துண்டில் அழகாகப் பொருந்திய கதை மனிதரிடம் வரும்போது கொஞ்சம் கலைந்துவிடுகிறது. எனக்கு இந்தக் கலைவு பிடித்திருக்கிறது. மருந்து விளம்பரத்தில் இது இடம்பெறாது.

ஒரு எச்சரிக்கையைச் சொல்லாமல் நகரக்கூடாது. நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரை உடலுக்குள் நைட்ரிக் ஆக்சைடாகத்தான் வேலை செய்கிறது. நைட்ரோகிளிசரின் வகை மருந்துகளின் ரகசியம் இந்த வாயுதான் என்று 1977-ல் காட்டியவர் ஃபெரிட் முராட். ஃபர்ச்காட், இக்னாரோ ஆகியோருடன் 1998-ல் நோபல் பரிசு பெற்றார். சார்பிட்ரேட் வாயுவைப் பொழிய, டடாலஃபில் அதன் சேதி அடங்கவிடாமல் தடுக்க, இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தால் ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்கு விழலாம். உடலுக்குள் நிறுத்தும் ஏற்பாட்டைக் கழற்றிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டாம். சிறுநீரகவியல் மருத்துவரிடம் இதய மாத்திரையைப் பற்றிச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. இதய மருத்துவரிடம் டடாலஃபிலைப் பற்றிச் சொல்லத்தான் பலரும் வெட்கப்படுகிறார்கள்.

தண்டுவடம் அடிபட்டவர்களில் சிலருக்குப் பை சுருங்கும்போது வாயும் சேர்ந்து இறுகிக்கொள்ளும். சுவிட்சர்லாந்தில் 2004-ல் வெளியான சிறு ஆய்வு ஒன்றில், அத்தகையவர்களுக்கு நாக்கடியில் அந்த இதய மாத்திரை வகையையே கொடுத்தபோது வாயின் இறுக்கம் குறைந்தது. நம்பிக்கை தரும் சேதிதான். ஆனால் ஒரு டஜன் பேரிடம் செய்த சோதனையை வைத்து வைத்தியம் பண்ணிவிட முடியாது.

பைச் சுவரின் உட்பூச்சிலும் இந்த வாயு சுரக்கிறது. அங்கே அதன் வேலை தசையிடம் இல்லை, உணர்வு நரம்பிடம். பை நிரம்புகிறது என்று முதுகுத்தண்டுக்குப் போகிற புகாரை அது கொஞ்சம் அடக்கி வாசிக்க வைக்கிறது. ஆண்டர்ஸன் குழு 2000-ல் எலியின் பைக்குள் ஹீமோகுளோபினை விட்டுப் பார்த்தது. அது அங்குள்ள வாயுவைத் துடைத்தெடுத்ததும், ஆரோக்கியமாயிருந்த பை படபடத்துத் துடிக்க ஆரம்பித்தது. ரத்தம் கலந்த சிறுநீரோடு வருகிற ஓயாத அவசரத்துக்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

மூன்றாவது நொதிக்கு வருவோம். ஸ்டாக்ஹோம் மருத்துவர்கள் 1996-ல் வெளியிட்ட முடிவு இதுதான்: பையில் அழற்சி உள்ளவர்களின் காற்றில் இந்த வாயு மற்றவர்களைவிடப் பல பத்து மடங்கு இருந்தது. தொற்றாக இருந்தாலும் தொற்றில்லாத அழற்சியாக இருந்தாலும் அப்படியே. புற்றுநோய்க்காகப் பைக்குள் பிசிஜி மருந்து செலுத்தியவர்களிடமும் அது ஏறியது. இங்கே கால்சியக் கட்டுப்பாடு இல்லை, நிறுத்துவார் இல்லை. ஆகவே அழன்ற பை, ஒப்பீட்டில் ஆரோக்கியமான பையோடு சேர்வதில்லை. டிசம்பர் மாதத்துப் புசா ரோட்டோடு சேர்கிறது. கிருமியைக் கொல்லத் தொடங்கிய வாயு அளவு மீறும்போது சூப்பர்ஆக்சைடோடு கூடிப் பெராக்சிநைட்ரைட் என்ற கடுமையான பொருளாகி, சொந்தத் திசுவையே புண்ணாக்குகிறது. சாலையில் நடப்பதும் இதற்குப் பக்கத்து வீடுதான்: வாயு வேறு ஆக்சிஜன் வடிவங்களோடு கூடித் தன்னைவிடக் கொடிய சந்ததியைப் பெறுகிறது.

இந்த அளவீடு நோயறிவதற்கும் பயன்பட்டது. காரணம் பிடிபடாத வலியும் ஓயாத அவசரமுமாய் வருகிற இடைத்திசு அழற்சி நோயில் இரு வகை உண்டு: பையில் ஹன்னர் புண் உள்ளது, இல்லாதது. முதல் வகையில் வாயு எகிறியிருக்கிறது, இரண்டாவதில் இல்லை என்று 2004-ல் ஸ்வீடன் ஆய்வொன்று காட்டியது. அதே நோய்க்கு ஆர்ஜினைன் மாத்திரை கொடுத்தும் பார்த்தார்கள். 1997-ல் சிறு ஆய்வொன்று உற்சாகமூட்டியது. பின்னால் ஒப்பீட்டுக் குழுவோடு செய்தவை அந்த உற்சாகத்தை உறுதிப்படுத்தவில்லை. நைட்ரிக் ஆக்சைடைப் பெருக்குவதாகச் சொல்லி டப்பாவில் அடைத்து விற்கும் பொடிகளில் பெரும்பாலும் இருப்பது இதே ஆர்ஜினைன்தான். எங்கே சுரக்கிறது, எப்போது நிற்கிறது என்று கேட்காமல் அதிகமானால் நல்லது என்று நம்புவது அந்த வியாபாரத்தின் மூலதனம்.

தொற்றில் இன்னொரு விஷயம். நீர்க்கடுப்புக்குப் பெரும்பாலும் காரணமாகும் ஈகோலை என்ற பாக்டீரியா சிறுநீரில் உள்ள நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றும். பரிசோதனைச் சாலையில் சிறுநீரில் தோய்க்கிற பட்டையில் ஒரு கட்டம் இளஞ்சிவப்பாவது இதனால்தான். பீட்டர் கிரீஸ் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் 19ஆம் நூற்றாண்டில் கண்டுபிடித்த சாய வினை அது. நம் நாட்டில் ஆள் வைத்து இயக்கும் காற்றுத்தர நிலையங்களிலும் நைட்ரஜன் டை ஆக்சைடைக் கரைசலில் பிடித்து நைட்ரைட்டாக்கி, இந்த வகைச் சாயத்தாலேயே அளக்கிறார்கள். சாலைக் காற்றும் சிறுநீரும் ஒரே நிறம் காட்டுகின்றன.

பட்டை வெள்ளையாகவே இருந்தால் தொற்று இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. என்டெரோகாக்கஸ் போன்றவை நைட்ரேட்டைத் தொடுவதில்லை. தொடுகிறவற்றுக்கும் பையில் சில மணி நேர அவகாசம் வேண்டும். நைட்ரைட் வெறும் அடையாளமாகவும் நின்றுவிடுவதில்லை. சிறுநீர் அமிலமாக இருந்தால் நைட்ரைட் தானாகவே நைட்ரிக் ஆக்சைடாக மாறி, அதைத் தயாரித்த பாக்டீரியாவையே தாக்குகிறது. வைட்டமின் சி சேர்ந்தால் வாயு இன்னும் கூடுகிறது. கரோலின்ஸ்காவின் யோன் லுண்ட்பெரி குழு 2005-ல் இதையே ஒரு கருவியாக்கிப் பார்த்தது. கதீட்டர் நழுவாமலிருக்க அதன் நுனியில் ஊதி வைக்கும் பலூனுக்குள் நைட்ரைட்டையும் வைட்டமின் சியையும் நிரப்பினால், வாயு ரப்பரை ஊடுருவி வெளிவந்து பாக்டீரியாவை வளரவிடாமல் தடுத்தது. ஆய்வுக்கூட முடிவுதான், வீட்டு வைத்தியமாக்கிக்கொள்ள இதில் ஒன்றும் இல்லை. கிருமிகளும் சும்மா இருப்பதில்லை. இந்த வாயுவைப் பிடித்து முடக்கும் புரதம் ஈகோலையிடமே இருக்கிறது.

சிறுநீரில் தண்ணீருக்கு அடுத்தபடி அதிகமாக இருப்பது யூரியா. புசா ரோட்டில் இப்போது யூரியா நைட்ரிக் ஆக்சைடைக் கொல்லும் வேலை பார்க்கிறது! 2020 ஏப்ரலில் நாடெங்கும் வந்த பிஎஸ்-6 புகை விதிக்குப் பிறகு பல டீசல் பஸ்களிலும் லாரிகளிலும் தனியாக ஒரு தொட்டி இருக்கிறது. அதில் நூற்றுக்கு முப்பத்திரண்டரைப் பங்கு யூரியா கலந்த தண்ணீர். சூடான புகைக்குள் அதைத் தெளித்தால் யூரியா அம்மோனியாவாகி, நைட்ரிக் ஆக்சைடைச் சாதாரண நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றிவிடுகிறது. சாலைக்குக் கடைசியாகக் கிடைத்த நிறுத்தும் ஏற்பாடு இதுதான். தொட்டி காலியாக ஓடினால் அதுவும் இல்லை. பக்கத்து ஆராய்ச்சி வயல்களிலோ கதை தலைகீழ்: மண்ணில் இட்ட யூரியாவை நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றும்போது நைட்ரிக் ஆக்சைடு கொஞ்சம் கசிகிறது. வேம்பு கலந்த யூரியா அந்த மாற்றத்தைத் தாமதப்படுத்தும் என்று 1970களிலேயே அங்கே ஆராய்ந்தார்கள். 2015-ல் உள்நாட்டு யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய்ப் பூச்சு கட்டாயமானது.

சாலையில் இழுத்த வாயு சிறுநீர்ப்பைக்குப் போய்ச் சேருமா? வாயுவாகப் போகாது, நுரையீரல் தாண்டியதும் ஹீமோகுளோபின் பிடித்து நைட்ரேட்டாக்கிவிடும். நைட்ரேட்டாகப் போகும். ஒரு தோராயக் கணக்குப் போடலாம். கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொண்டு, ஒருவர் நாளெல்லாம் 15 கன மீட்டர் காற்றைச் சுவாசித்தால் ஒன்றரை மில்லிகிராம் வாயு உள்ளே போகும். அது முழுவதும் மாறினால் சுமார் 3 மில்லிகிராம் நைட்ரேட். உடல் தானாகவே சுரக்கிற நைட்ரிக் ஆக்சைடிலிருந்து தினமும் ஏறக்குறைய 60 மில்லிகிராம் நைட்ரேட் வருகிறது. ஒரு கிண்ணம் பசலைக்கீரை இதைச் சாதாரணமாகத் தாண்டும். ஆக, சாலையின் பங்கு சில்லறை. தொற்று இருந்தால் அந்தச் சில்லறையையும் பாக்டீரியா நைட்ரைட்டாக்கி, அமிலம் அதை மறுபடி வாயுவாக்கி, சாலையில் கிளம்பிய அணு பழைய உருவிலேயே பைக்குள் அவதரிப்பது வேதியியல்படி நடக்கக்கூடியதுதான்.

இதை வைத்துப் புசா ரோட்டுப் புகையால் சிறுநீர்ப்பைக்கு ஆபத்தில்லை என்று சொல்லிவிட முடியாது. ஆபத்து வேறு வாசலால் வருகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-ல் டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உறுதியாக வகைப்படுத்தியபோது, நுரையீரலுக்குப் போதிய ஆதாரம் என்றது. சிறுநீர்ப்பைக்கும் வரம்புக்குட்பட்ட ஆதாரம் இருக்கிறது என்று சேர்த்தது. சிறுநீர்ப்பைப் புற்றுக்குப் புகையிலையே முதல் காரணம். டீசல் அதற்கு வெகு பின்னால்தான். சந்தேகம் கரித்துகளில் ஒட்டிய பென்சோபைரீன் போன்ற சேர்மங்கள் மேலும், நைட்ரிக் ஆக்சைடின் சந்ததிகள் அவற்றோடு கூடி உண்டாக்கும் நைட்ரோ சேர்மங்கள் மேலும் விழுகிறது. இவை உடலில் உருமாறி, ஒரு பகுதி சிறுநீரகம் வழியாகப் பைக்கு வந்து உட்சுவரைத் தொட்டபடி தங்குகின்றன. எவ்வளவு நேரம் தங்குகின்றனவோ அவ்வளவு கெடுதல் என்று ஒரு கருதுகோள் உண்டு. அது சரியானால், கழிப்பறை கிடைக்காமல் காலையிலிருந்து மாலைவரை அடக்கிக்கொண்டு சாலையோரத்தில் வியாபாரம் செய்பவர்தான் புகையையும் அதிகம் இழுக்கிறார், அதன் கழிவையும் அதிக நேரம் சுமக்கிறார்.